ரோடியோ வேண்டாம், ரேக்ளா போதும்

கேள்வி: கௌபாய் படம் பார்த்த பிள்ளைகள் ரோடியோவுக்குக் கூட்டிப் போகச் சொல்லி அடம் பிடிக்கிறார்கள். கோவையிலிருந்து காரில் போய்வர அப்படி ஏதாவது உண்டா?

பதில்: காளை முதுகில் ஏறி உட்காரும் ஆட்டம் நம்மிடம் இல்லை. மாட்டைக் கொண்டாடும் ஊர்கள் உண்டு. ஒரு ஞாயிறு விடியலில் காங்கேயம் பக்கம் கிளம்புங்கள். பழையகோட்டையில் அன்றைக்குக் காங்கேயம் இன மாடுகளுக்கென்றே சந்தை கூடும். செவலையாகப் பிறக்கிற கன்று ஆறு மாதம் போல ஆனதும் வெளுக்கும். காளைக்குத் திமிலும் கழுத்தும் கருத்து நிற்கும். பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

போகும் வழியில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் காட்டைக் காட்ட மறக்காதீர்கள். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நிழலுக்கு வெள்வேல மரம். கௌபாய் குதிரையேறி மந்தையை விரட்ட வேண்டும். நம்மவர் வேலிக்குள் மாட்டை விட்டுப் படலைச் சாத்திவிட்டு வேறு வேலை பார்ப்பார். கெட்டிக்காரர் யாராம்?

குதிரைதான் வேண்டுமென்றால் ஆடி வரை பொறுங்கள். அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு மார்வாரி, கத்தியவார் குதிரைகள் வரும். ஆட்டக் குதிரைகளும் உண்டு. கூட்டம் நெரியும், பவானியில் அறை எடுத்துக்கொள்ளுங்கள்.

ரேக்ளா என்னும் மாட்டுவண்டிப் பந்தயம் பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தில் நடக்கும், பெரும்பாலும் 200, 300 மீட்டர் தூரம். தேதியை அந்தந்த ஊரில் விசாரியுங்கள். கண் சிமிட்டினால் வண்டி போய்விடும். தடுப்புக்கு வெளியே நில்லுங்கள், சின்னவனைக் கையில் பிடித்தபடி.