வேட்டியா, கருப்பட்டியா, டார்ச்சா?

பழவேற்காட்டுத் தோணிரேவு மாதிரி ஏரிக்கரை ஊரில் அந்துப்பூச்சிகளைப் படமெடுக்க ஆசையா? கேமரா விலையை அப்புறம் விசாரிக்கலாம். பூச்சியை வரவழைப்பதா, நாமே தேடிப் போவதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

விதவிதமாக வேண்டுமென்றால் வெள்ளை வேட்டி கட்டி விளக்குப் போடுவதுதான் வழி. மஞ்சள் எல்.இ.டி.க்கு அவ்வளவாக வராது. வெள்ளை பரவாயில்லை, புற ஊதா டியூப் அதைவிட மேல், ஆனால் அதை உற்றுப் பார்க்கக் கூடாது. பாதரச ஆவி விளக்கு எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனாலும் பழவேற்காட்டுப் பக்கம் அதை நான் சொல்லமாட்டேன்: சோக் வேண்டும், சூடு அதிகம், கரண்ட் போய் வந்தால் ஆறிய பிறகே மறுபடி எரியும். வேட்டியை வீட்டுச் சுவரின் மேற்குப் பக்கம் கட்டினால் கடற்காற்றும் வாடையும் அடிக்காது. அமாவாசையை ஒட்டிய இரவுகள் நல்லது. முதல் மழை பெய்த அன்று மட்டும் ஈசலே வேட்டியை மூடிவிடும். பனைமரங்கள் பக்கத்தில் இருந்தால் காண்டாமிருக வண்டு தொப்பென்று வந்து விழும்.

விளக்கைச் சட்டை செய்யாத பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சிகளுக்குக் கருப்பட்டி. அழுகிய வாழைப்பழத்தோடு கரைத்து, ஓரிரு நாள் புளிக்கவிட்டு, பொழுது சாயும்போது மரத்தில் பூசுங்கள். செலவு குறைவு, எறும்புதான் முதலில் வரும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் என் ஓட்டு டார்ச்சுக்குத்தான், காத்திருக்கவே வேண்டாம். அரளிச் செடியில் பச்சைப் புழுவைத் தொட்டுப் பாருங்கள்: முன்னுடலை உப்பி, இரண்டு நீலக் கண்களைக் காட்டி மிரட்டும். அவை கண்களே அல்ல, வெறும் புள்ளிகள். கத்தரியிலும் எள்ளிலும் மண்டையோட்டு அந்துப்பூச்சியின் புழு கிடைக்கும். வளர்ந்த பூச்சியைப் பிடித்தால் கீச்சென்று கத்தும். கட்டுவிரியன் திரியும் நேரம், மூடிய செருப்பில்லாமல் இறங்காதீர்கள்.

வேட்டியில் பூச்சி அசையாமல் உட்காரும். போனும் கிளிப் மேக்ரோ லென்ஸும் போதும். ஃபிளாஷ் வேண்டாம், வெள்ளைத் துணி வெளிறிவிடும். டிஷ்யூ சுற்றிய டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். இலைக்கடியில் ஒளிந்திருப்பதற்குத்தான் பெரிய கேமரா. உப்புக்காற்று படிந்த லென்ஸை முதலில் ஊதிவிட்டுத் துடையுங்கள், இல்லையேல் கீறல் விழும்.

பெயர் கண்டுபிடிக்க, நீலகிரியில் தேயிலை பயிரிட்ட ஜார்ஜ் ஹாம்சன் 1892 முதல் 1896 வரை வெளியிட்ட அந்துப்பூச்சி நூலின் நான்கு தொகுதிகள் உண்டு. பல பெயர்கள் இன்று மாறிவிட்டன. தொடங்குகிறவருக்கு ஐநேச்சுரலிஸ்ட் செயலியே எளிது. மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என இரண்டு படம் ஏற்றுங்கள். விடியுமுன் விளக்கை அணைத்து வேட்டியைப் புதரில் உதறிவிடுங்கள். கரிச்சானும் மைனாவும் சீக்கிரமே எழுந்துவிடும்.