அம்மாவும் ஆங்கிலப் பாடம் பார்க்கலாம்



சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் முடிந்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் நேரம். ஒரு சகோதரி மெதுவாகச் சொன்னார்: "என் பொண்ணு அஞ்சாவது படிக்குது மேடம். இங்கிலீஷ் நோட்டை என்கிட்ட காட்டவே மாட்டேங்குது. உனக்கு ஒண்ணும் தெரியாதும்மான்னு சொல்லிடுச்சு." டியூசனுக்கு உள்கடன் கிடைக்குமா என்று கேட்டார். யாரும் பேசவில்லை. பல வீடுகளில் இதே கதைதான்.

கடனைப் பற்றிக் குழு முடிவு செய்யட்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் தமிழ் நன்றாகத் தெரியும். அதை வைத்தே பிள்ளையின் பாடத்தைச் சரிபார்க்கலாம்.

1. வார்த்தை வரிசை

"நான் சோறு சாப்பிட்டேன்" என்கிறோம். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் அது நடுவில் வரும்: "ஐ ஏட் ரைஸ்". அதாவது நான், சாப்பிட்டேன், சோறு. மூன்று துண்டுத் தாளில் எழுதிக் கலைத்துப் போட்டு, பிள்ளையை அடுக்கச் சொல்லுங்கள்.

2. யார் செய்தது?

"வந்தாள்" என்றாலே பெண் என்று நமக்குத் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் வந்தான், வந்தாள், வந்தது எல்லாவற்றுக்கும் "கேம்" ஒன்றுதான். அதனால் முன்னால் "ஹி", "ஷி", "இட்" அல்லது ஒரு பெயர் வேண்டும். வரிக்கு வரி "யாரு வந்தது?" என்று கேளுங்கள். வா, போ என்று ஏவும்போது மட்டும் இது வேண்டாம்.

3. 'எஸ்' விட்டுப்போகும்

தினமும் நடப்பதைச் சொல்லும்போது "ஐ குக்", "தே குக்" என்று வரும். ஹி, ஷி, இட் வந்தால் "குக்ஸ்" ஆகும். "அவள் தினமும் சமைக்கிறாள்" என்பது "ஷி குக்ஸ் எவ்ரி டே". பிள்ளைகள் அதிகம் தப்பு விடும் இடம் இது.

4. முன்னாலா, பின்னாலா?

"பையில்" என்பதில் 'இல்' பின்னால் ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் "இன் த பேக்" என்று 'இன்' முன்னால் வரும். மேசை மேல் என்றால் "ஆன் த டேபிள்". ஒரு பென்சிலை இடம் மாற்றி மாற்றி வைத்து, எங்கே என்று கேளுங்கள்.

5. கண்ணால் பார்க்கும் பிழைகள்

வாக்கியம் பெரிய எழுத்தில் தொடங்குகிறதா? முடிவில் புள்ளியோ கேள்விக்குறியோ இருக்கிறதா? ஆள் பெயர், ஊர்ப் பெயரின் முதல் எழுத்து பெரிதா? ஏபிசிடியில் வரும் சிறிய 'பி'க்கு வயிறு கோட்டின் வலப்பக்கம், சிறிய 'டி'க்கு இடப்பக்கம். இதைப் பார்க்க ஆங்கிலம் படித்திருக்க வேண்டியதில்லை.

தினமும் கால் மணி நேரம் போதும். திட்டாதீர்கள். "எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். நமக்குச் சொல்லித் தரும்போது பிள்ளைக்குப் பாடம் மனதில் பதியும். பதில் தெரியாமல் நின்றால் அந்த வரியில் கோடு போட்டு, மறுநாள் டீச்சரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

போன வாரம் அந்தச் சகோதரியைப் பார்த்தேன். "இப்ப நோட்டை அதுவே எடுத்துட்டு வந்து உட்காருது மேடம். புள்ளி வைக்கலைன்னா நான்தான் முதல்ல கண்டுபிடிக்கிறேன்" என்றார். மார்க் கூடுமா என்பது பரீட்சையில்தான் தெரியும். ஆனால் மூடிய நோட்டு திறந்துவிட்டது.

அடுத்த கூட்டத்துக்கு வருமுன் உங்கள் பிள்ளையின் நோட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். என்ன பார்த்தீர்கள் என்று குழுவில் பேசுவோம்.