அம்மாவின் தசைகளுக்கு என்ன ஆயிற்று?

மாணவர்களே! சிங்கப்பெருமாள் கோவிலில் உள்ள நரசிம்மர் குடைவரைக் கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா? மூலவர் குன்றோடு சேர்ந்த உருவம். ஆகவே அவரை வலம் வர விரும்புவோர் குன்றையே சுற்றி வர வேண்டும். அங்கே வரும் பெண்களைச் சற்றுக் கவனியுங்கள். ஐம்பது வயதைக் கடந்த அம்மாள் ஒருவர் குன்றைச் சுற்றி நன்றாகவே நடந்து வருகிறார். ஆனால் களைப்பாறத் தரையில் உட்கார்ந்துவிட்டு எழும்போது தூணைப் பிடிக்கிறார்; அல்லது மகளின் கையைப் பற்றிக் கொள்கிறார்.

நடக்க முடிந்தவரால் எழுந்திருக்க ஏன் முடியவில்லை? 'வயதாகிவிட்டது' என்பது பாதி விடைதான். மீதி விடையைப் பார்ப்போம்.

சூலகம் அனுப்பும் செய்தி

பெண்ணின் சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. ஹார்மோன் என்பது இரத்தத்தில் கலந்து சென்று செல்களுக்குக் கட்டளை கொடுக்கும் வேதிப்பொருள். ஈஸ்ட்ரோஜன் கருப்பைக்கு மட்டும் உரியதன்று. எலும்பு, இரத்தக் குழாய், மூளை, தசை ஆகியவற்றின் செல்களிலும் அதை ஏற்கும் 'ஏற்பிகள்' இருக்கின்றன.

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நின்றுபோகிறது. மேலை நாடுகளில் இது சுமார் 51 வயதில் நிகழ்கிறது. அப்போது ஈஸ்ட்ரோஜனின் அளவு வெகுவாகக் குறைகிறது. அறுவை மருத்துவத்தில் இரு சூலகங்களையும் எடுத்துவிட்டாலோ, அது திடீரென்று குறைந்துவிடுகிறது.

தசையின் பழுது பார்ப்போர்

நாம் பளுவான வேலை செய்யும்போது தசை நார்களில் நுண்ணிய சேதங்கள் உண்டாகின்றன. அவற்றைச் சரி செய்வது யார்? 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ என்ற அறிஞர், தவளையின் தசையை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, தசை நாரை ஒட்டிப் படுத்திருக்கும் சிறு செல்களைக் கண்டார். அவற்றுக்குத் துணைக்கோள் செல்கள் என்று பெயர். தசை சேதமுற்றால் இவை விழித்தெழுந்து, பெருகி, நாருடன் இணைந்து பழுதைச் சரி செய்கின்றன.

2019-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக் கழக அறிஞர்கள் பின்லாந்து அறிஞர்களுடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். சூலகம் நீக்கப்பட்ட பெண் எலிகளில் துணைக்கோள் செல்கள் குறைந்தன. சேதமுற்ற தசை சரிவரச் சீரடையவில்லை. மாதவிலக்கு நிற்பதற்கு முன்னும் பின்னும் பெண்களிடமிருந்து எடுத்த தசைத் துணுக்குகளிலும் இச்செல்கள் குறைந்திருந்தன. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் பழுது பார்ப்போரும் குறைகிறார்கள் என்பது தெளிவாயிற்று. தசை தளர்ந்தால் கால் இடறும்போது உடலைத் தாங்கிப் பிடிக்க முடிவதில்லை. அதே காலத்தில் எலும்பும் வலுக் குறைவதால், சாதாரணமாக விழுந்தாலும் இடுப்பெலும்பு முறிய நேரிடுகிறது.

மீட்க முடியுமா?

முடியும். ஈஸ்ட்ரோஜன் குறைந்த பிறகும் தசை பளுவுக்குப் பதில் சொல்லவே செய்கிறது. 1990-இல் பாஸ்டன் நகரில், சுமார் 90 வயதான முதியோர் சிலருக்கு எட்டு வாரங்கள் எடை தூக்கும் பயிற்சி அளித்தார்கள். பயிற்சியை முடித்த 9 பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது! நம் பொள்ளாச்சியைச் சேர்ந்த கிட்டம்மாள் 2025-இல், தமது 82-ஆம் வயதில், கோவையில் நடந்த போட்டியில் 50 கிலோ எடையைத் தூக்கினார்.

இப்போது நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. நடப்பது இதயத்துக்கு மிக நல்லது. ஆனால் தொடைத் தசைகளுக்கு அது சிறிய சுமையே. தரையிலிருந்து எழும்போதோ, உடலின் எடை முழுவதையும் அவை உயர்த்த வேண்டியிருக்கிறது. அந்த வலிமை எதிர்ப்புச் சுமையால்தான் வளரும்.

செய்து பாருங்கள்

கையில்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். அம்மாவையோ பாட்டியையோ அதில் அமர்த்தி, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்றுகொண்டு கடிகாரத்தைப் பாருங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை தளர்ந்திருக்கக் கூடும் என்று ஆசிய நாடுகளின் மருத்துவ வல்லுநர் குழு 2019-இல் வரையறுத்தது. வலியோ தலைச்சுற்றலோ இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இதே நாற்காலிப் பயிற்சியை, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்யலாம். சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும், தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குவதும் நல்ல பயிற்சிகளே.

பயிற்சி மட்டும் போதாது. தசையைக் கட்டப் புரதம் வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறக்குறைய 50 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது.

பல வீடுகளில் அம்மா கடைசியில்தான் சாப்பிடுகிறார். அப்போது பருப்பும் முட்டையும் தீர்ந்து, சோறும் ரசமுமே மிஞ்சியிருக்கும். இன்றிரவு சாப்பிட உட்காரும்போது, அம்மாவின் தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.