மின் சிகரெட்டின் கம்பிச் சுருளும் நம் நுரையீரலும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

“வெறும் நீராவிதானே, இதில் என்ன கெடுதல்?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. “உலோகத்தூள் நெஞ்சில் படிந்து ஆளையே தீர்த்துவிடும்” என்று அஞ்சும் நண்பர்களும் உண்டு. இரு சாராரும் எடை போடாமலே விலை சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். மின் சிகரெட்டிலிருந்து வரும் உலோகம் எவ்வளவு, எந்த வடிவில், எவ்வழியாக உடலுள் புகுகிறது என்ற மூன்றையும் கேட்டாலன்றி அதன் தீமையை மதிப்பிட இயலாது.

கருவியின் அமைப்பு எளியது. ஒரு மின்கலம், ஒரு கம்பிச் சுருள், அதையொட்டிய பஞ்சுத்திரி, திரியை நனைக்கும் திரவம். திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் ஆகியவற்றுடன் நிக்கோட்டினும் மணப்பொருள்களும் கலந்திருக்கும். சுருள் சூடேறியதும் திரவம் ஆவியாகி, உடனே குளிர்ந்து, நுண்துளிகளாக வாய்க்குள் செல்கிறது. ஆகவே அது நீராவி அன்று. சுருளுக்கு நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம், அல்லது இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த காந்தல் பயன்படுகிறது. நம் வீட்டு மின்னடுப்பில் சிவந்து ஒளிர்கின்ற கம்பிக்கு இது உறவுதான்.

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. நிக்கல் உருகுவதற்கே 1455 பாகை செல்சியஸ் வேண்டும். புரோப்பிலீன் கிளைக்கால் 188 பாகையிலும் கிளிசரின் 290 பாகையிலும் கொதித்துவிடுகின்றன. திரி நனைந்திருக்கும் வரை சுருளும் அதற்கு மிக மேலே போவதில்லை. அப்படியிருக்க உலோகம் எப்படி வெளியேறும்? அது ஆவியாகிப் போவதில்லை என்பதே விடை. திரவம் உலோகத்தை மெல்ல அரிக்கிறது; கரைந்த உலோகம் நுண்துளிகளின் முதுகேறிச் செல்கிறது. தவிர, சுருளின் மேல் படிந்த ஆக்சைடு படலம் சூடேறிக் குளிரும்போதெல்லாம் விரிந்து சுருங்கி விரிசல் விடுவதால் துகள்கள் உதிரலாம். பற்றவைத்த மூட்டுகளிலும் பித்தளை உறுப்புகளிலும் வெள்ளீயம், துத்தநாகம், காரீயம் இருப்பதுண்டு.

இதற்குச் சான்று 2018-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு. 56 பேர் அன்றாடம் பயன்படுத்திய கருவிகளையே வாங்கிச் சோதித்தார்கள். புட்டியில் இருந்த திரவத்தில் உலோகம் சொற்பம். சுருளைத் தொட்ட பின்போ நிக்கல், குரோமியம், காரீயம், துத்தநாகம் எல்லாம் பன்மடங்கு ஏறியிருந்தன. குற்றவாளி புட்டியில் இல்லை, கருவியில்தான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அவ்வளவுதானா? இல்லை. ‘வரம்பைவிட 100 மடங்கு’ என்று ஒரு செய்தி வந்தால், எந்த வரம்பு என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் வெளிக்காற்றில் காரீயத்திற்கு வரம்பு கன மீட்டருக்கு 0.15 மைக்ரோகிராம். ஒரு மின் சிகரெட்டின் புகையில் அது 15 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். நூறு மடங்குதான்! ஆனால் நாம் ஒரு நாளில் சுவாசிக்கும் காற்று ஏறத்தாழ 20 கன மீட்டர். வரம்பளவு காரீயமுள்ள காற்றையே நாள் முழுதும் சுவாசித்தாலும் 3 மைக்ரோகிராம் உள்ளே போகும். ஓர் இழுப்பு 55 மில்லிலிட்டர், நாளைக்கு 200 இழுப்பு என்றால் மொத்தம் 11 லிட்டர், அதாவது 0.011 கன மீட்டர். அதில் காரீயம் 0.165 மைக்ரோகிராம். நூறு மடங்கு என்றது பதினெட்டில் ஒரு பங்காகிவிட்டது!

இதைக் கண்டு புகைப்பவர்கள் மகிழ வேண்டாம். திரி காய்ந்தாலோ, சுருள் பழையதானாலோ, மின்திறனைக் கூட்டினாலோ நான் வைத்துக்கொண்ட 15 என்ற எண் நிலைக்காது. மேலும் இது காற்றிலும் உணவிலும் ஏற்கெனவே வருவதோடு சேர்கிற கூடுதல். காரீயத்திற்குத் தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனமே கூறுகிறது. ‘குடிநீரிலும் நிக்கல் இருக்கிறதே’ என்ற வாதமும் செல்லாது. மருந்துகளில் கலந்துவிடும் நிக்கலுக்குச் சர்வதேச நெறிமுறை வகுத்த நாள் வரம்பு, விழுங்கும் மருந்துக்குச் சுமார் 200 மைக்ரோகிராம். உள்ளிழுக்கும் மருந்துக்கோ சுமார் 6 மட்டுமே. குடல் தாங்குவதை நுரையீரல் தாங்குவதில்லை.

தொழிற்சாலை வரம்போடு ஒப்பிட்டுச் சமாதானம் சொல்வோரும் உளர். இதில் எனக்குச் சிறிது கோபம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தந்தையார் வெல்டிங் தொழிலாளி. வெல்டிங் புகையை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளுள் சேர்த்தது. தொழிற்சாலை வரம்பு என்பது எட்டு மணி நேர வேலையையும் பிழைப்பையும் கருதிச் செய்துகொண்ட உடன்பாடு. அதற்குள் இருந்தால் நோயே வராது என்ற உறுதிமொழி அன்று. அவர் எங்கள் சோற்றுக்காகச் சுவாசித்ததை, பொழுதுபோக்காகச் சுவாசிப்பவர் தமக்குச் சாதகமான அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாகாது.

வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குரோமியம் மூன்று என்ற நிலையில் பெரும்பாலும் சாது. ஆறு என்ற நிலையில் நுரையீரல் புற்றுநோய்க்கு வித்து. ‘மொத்தக் குரோமியம் இவ்வளவு’ என்று மட்டும் தரும் அட்டவணையிலிருந்து இரண்டில் எது என்று அறிய முடியாது. நம் ஆய்வகத்தில் பச்சை நிறக் குரோமிக் உப்பையும் ஆரஞ்சு நிற டைகுரோமேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே கணக்கிட வேண்டுமானால், சுருள் எந்த உலோகம், எத்தனை வாட், எத்தனை இழுப்பு என்பவை தெரிந்தாக வேண்டும். நம் நாட்டில் 2019-இல் மின் சிகரெட்டின் உற்பத்தியும் விற்பனையும் சட்டப்படி தடை செய்யப்பட்டன. இன்று ஒருவர் கைக்கு அது வருமானால் மறைவாகவே வரும். அதன் சுருள் எதனால் ஆனது என்று விற்பவரும் சொல்லப் போவதில்லை, வாங்குபவரும் கேட்கப் போவதில்லை.