வேலூர்ச் சிப்பாயின் உடுப்பு



இவ்வாண்டுக் கலைவிழாவில் நம் பள்ளியின் மேற்பிரிவு மாணவர்கள் 1806ஆம் ஆண்டு வேலூர்க் கிளர்ச்சியை நாடகமாக நடிக்கின்றனர். அதற்குரிய உடைகளைத் தேடிச் சேர்க்கும் பணி நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊரில் பாடசாலை ஆசிரியராயிருந்த காலத்திலும் நாடகங்கள் பழக்கியிருக்கின்றோம். அக்காலத்தில் அரசன் என்றால் வெல்வெற் துணியும் மின்னும் சரிகையும், வெள்ளைக்காரன் என்றால் முகத்திலே மாவும் போதுமானவையாயிருந்தன. முதலாம் ஒத்திகைக்கு நம் பிள்ளைகளும் அவ்வண்ணமே வந்தனர். 1959இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள் என்பது அவர்களின் மீசைகளிலிருந்தே தெரிந்தது.

ஆயினும் வேலூர்க் கதையில் உடை வெறும் அலங்காரமன்று. அங்கே உடைதான் கதை. உடையைப் பிழையாகத் தைத்தால் அச்சிப்பாய்கள் எதற்காக எழுந்தார்கள் என்பது சபையோருக்கு விளங்காது. ஆகவே அதனைச் சரியாகச் செய்ய முயன்றோம். அம்முயற்சியில் நாம் கற்றவற்றையே இக்கட்டுரையில் தருகின்றோம்.

முதலில் ஒரு செய்தியை மனத்திலிருத்துக. கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையிலே பெரும்பாலோர் நம்மவர்கள். வேலூர்க் கோட்டையில் அப்போது ஏறத்தாழ 1,500 சிப்பாய்களும், அவர்களில் நாலிலொரு பங்குக்கும் குறைவான பிரித்தானியரும் இருந்தனர். சிவப்பு மேற்சட்டை என்றதும் வெள்ளைக்காரனை நினைப்பது நமது வழக்கம். அச்சட்டைக்குள் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் இருந்தார்கள். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்ற வந்த படையிலும் சென்னைச் சிப்பாய்கள் இருந்தனர்.

இனி உடையை நோக்குவோம். மேற்சட்டை கம்பளித் துணியாலானது. சாதாரண வீரனின் சிவப்பு, மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து எடுக்கப்பட்ட மங்கிய செந்நிறம். அதிகாரிகளின் சட்டைக்கோ கொச்சினீல் என்னும் சிறு பூச்சியிலிருந்து பெற்ற பளிச்சென்ற சிவப்பு. கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் படைப்பிரிவுக்கேற்ப நிறம் மாறும். வேலூரிலிருந்த பிரித்தானிய 69ஆம் படைப்பிரிவுக்குப் பச்சை நிறம். மார்பின் குறுக்கே இரண்டு வெள்ளைத் தோல்வார்கள் உண்டு. ஒன்றில் தோட்டாப்பை தொங்கும், மற்றதில் துப்பாக்கிமுனை ஈட்டி தொங்கும். வெண்களிமண் பூசி அவ்வார்களை வெளுப்பாக வைத்திருப்பது வீரனின் ஓயாத வேலை. கம்பளிச் சட்டை வெயிலில் என்ன செய்யும் என்பதை விக்ரோறியா மாநிலத்துப் பல்லராற் நகரில், சொவறின் ஹில் அரும்பொருட் கிராமத்தில் செஞ்சட்டை அணிந்து அணிவகுத்தவர்களைக் கண்டபோது உணர்ந்தோம். வேலூரின் வெயிலுக்கு அதுவும் குளிர்தான்.

இடுப்புக்குக் கீழே நிலைமை வேறு. அக்காலச் சித்திரங்களில் சென்னைச் சிப்பாய் தொடையளவான வெள்ளைக் குட்டைக் காற்சட்டை அணிந்து, வெறுங்காலிலே செருப்புடன் நிற்கின்றான். மேலே இங்கிலாந்து, கீழே இந்தியா! பிள்ளைகள் இதைக் கண்டு நெடுநேரம் சிரித்தார்கள்.

கம்பளித் துணியை முழமாக வாங்கப் பள்ளியின் நிதி இடங்கொடுக்கவில்லை. பழைய பொருட் கடைகளில் பெண்களின் சிவப்புக் குளிர்ச்சட்டைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தோம். நிறம் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. மேலும் பெண்களின் சட்டையில் பொத்தான் இடப்பக்கத்தில் இருப்பதால், முன்புறத்தைப் பிரித்து மாற்றித் தைக்க வேண்டியதாயிற்று. இரு தாய்மார் ஐந்து வாரவிறுதிகளை இதற்கே கொடுத்தனர். துப்பாக்கி வைப்பதில்லை எனத் தீர்மானித்தோம். உண்மையைப் போன்ற போலித் துப்பாக்கிக்கும் இம்மாநிலத்தில் அனுமதிப் பத்திரம் வேண்டும் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை நம் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் ஒத்திகையில் அக்காரணம் தானாகவே எழுந்தது. சில மாணவர்கள் கனத்த சப்பாத்துகளை அணிந்து மரத்தளத்தில் அணிநடை போட்டனர். பேரனை அழைத்துச் செல்ல வந்திருந்த ஓர் அம்மம்மா காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். பின்னர் நம்மிடம், "மாஸ்ரர், பிள்ளைகள் நடிக்கட்டும். இந்தச் சத்தம் மட்டும் வேண்டாம்" என்றார். நாமும் அவ்வோசையைக் கேட்டு விளக்கணைத்திருந்தவர்கள்தாம். சிப்பாய்க்குச் சப்பாத்து இல்லை, செருப்பே உண்டு என்பதைச் சித்திரத்தில் காட்டினோம். அன்றே சப்பாத்துகள் கழற்றப்பட்டன. நாடகத்தில் வரும் மூன்று பிரித்தானியர் மட்டும் தங்கள் பள்ளிச் சப்பாத்துகளுடன் மெதுவாக நடப்பர்.

இனிக் கதையின் உயிரான தலைப்பாகைக்கு வருவோம். பழைய தலைப்பாகையைத் துணியால் கட்டினோம். ஐந்தரை மீற்றர் பருத்திச் சேலை ஒன்று ஒருவருக்குப் போதும். புதிய தலைப்பாகை அப்படியன்று. சென்னைப் படையின் தளபதி சேர் ஜோன் கிரடொக் காலத்தில் வந்த அது ஐரோப்பியர் அணியும் வட்டத் தொப்பியை ஒத்திருந்தது. அதில் தோலாலான ஒரு சின்னமும் இருந்தது. அத்தோல் பசுவினதோ பன்றியினதோ என்ற அச்சம் இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒருங்கே வாட்டியது. இதனுடன் சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடி மழிக்கப்பட வேண்டும், மீசை ஒரே அளவாயிருக்க வேண்டும் என்னும் விதிகளும் வந்தன.

1806 மே மாதம் வேலூரில் ஒரு படையணியினர் புதிய தலைப்பாகையை மறுத்தனர். 21 பேர் விசாரிக்கப்பட்டனர். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் 900 கசையடி வீதம் தண்டனை நிறைவேற்றப்பட்டது. மற்றைய 19 பேருக்கும் விதிக்கப்பட்ட 500 கசையடி, மன்னிப்புக் கேட்டதால் விலக்கப்பட்டது. யூலை 10ஆந் திகதி விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தனர். 69ஆம் படைப்பிரிவினர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோட்டையில் சிறையிருந்த திப்பு சுல்தானின் மைந்தர்களது பெயரால் மைசூர்க் கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப் படையுடன் விரைந்துவந்த கேணல் கில்லஸ்பி அன்றே கோட்டையை மீட்டார். பிடிபட்டோரில் ஏறத்தாழ நூறு பேர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். பின்னர் விசாரணைக்குள்ளானோரில் சிலர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர். அதன் பிறகே அந்த ஆணை கைவிடப்பட்டது. கிரடொக்கும் சென்னை ஆளுநர் வில்லியம் பென்ரிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். பென்ரிங் பின்னர் தலைமை ஆளுநராகவே இந்தியாவுக்கு மீண்டும் வந்தார் என்பதையும் குறித்துக்கொள்க.

இவ்விடத்தில் நம் சிட்னியை நினையாதிருக்க முடியவில்லை. வேலூருக்கு ஒன்றரை ஆண்டுகளின் பின், 1808 சனவரி 26இல், இதே செஞ்சட்டை அணிந்த நியூ சவுத் வேல்ஸ் படையினர் இந்நகரில் ஆளுநர் பிளையையே சிறைப்பிடித்தனர். தலைமை தாங்கிய மேஜர் ஜோர்ஜ் ஜோன்ஸ்ரன் 1811இல் இலண்டனில் விசாரிக்கப்பட்டுப் பதவி நீக்கப்பட்டார். அவ்வளவே. அவர் இங்கே திரும்பிவந்து தம் நிலத்தில் வாழ்ந்தார். இரண்டு தண்டனைகளையும் மேற்பிரிவு மாணவர்கள் ஒப்பிட்டு எழுதுக.

உடைகளின் பெயர்களை வகுப்பில் எழுதிப் பார்த்தோம். சிப்பாய் பாரசீகச் சொல். பொத்தானும் சப்பாத்தும் போர்த்துக்கேயம் தந்தவை. தொப்பி வடக்கிலிருந்து வந்தது. அப்போது ஒரு மாணவி எழுந்து, "சேர், கடுக்கன், மீசை, நீறு தமிழ்தானே? அதைத்தானே வேண்டாம் எண்டவங்கள்?" என்றாள். நாம் பாடத்துக்கு ஆயத்தம் செய்தபோது அது நம் கண்ணிற் படவில்லை.

கசையடி பெறும் இந்துச் சிப்பாயாக நடிப்பவர் பத்தாம் வகுப்பு மாணவர். முதற்காட்சியில் நெற்றி நிறைய நீறு பூசி வரவேண்டும் என்றோம். அவர் சற்றுத் தயங்கி, ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் நாட்களில் அம்மா பூசிவிடும் நீற்றைக் காரிலேயே துடைத்துவிடுவதாகச் சொன்னார். யாராவது கேலி செய்தார்களா என வினவினோம். "இல்லை சேர். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. நானாத்தான்" என்றார். சட்டை தைத்துக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் அவருடைய தாயார். தையற்பொறி சிறிது நேரம் நின்றது, பின்பு மீண்டும் ஓடியது. நாம் யாதும் கூறவில்லை. ஆணை பிறப்பிக்க ஒரு கிரடொக் இல்லாத இடத்தில் யாரைக் குறை கூறுவது?

இன்று மாலை உடைமாற்றும் அறையில் உதவவிருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தலைப்பாகைகளை நாமே கட்டிவிடுவோம். சட்டைப் பொத்தான்களைப் பூட்டி, வெள்ளை வார்கள் குறுக்காக அமைகின்றனவா எனப் பார்த்தனுப்பினாற் போதும். அம்மாணவருக்கு மட்டும் யாரும் நீறு பூச வேண்டாம். தாமே பூசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கின்றார். அவருக்கு ஒரு கண்ணாடி கொடுத்துதவுக.