ஸ்கீமா ஃபார்மில் ஃபீல்டுகளைக் குழுவாகப் பிரிப்பது எப்படி?

வெப் ப்ராஜெக்ட் செய்யும் நண்பர்களுக்கு ஒரு கேள்வி. நாற்பது ஃபீல்டு உள்ள ஃபார்மை ஒவ்வொரு இன்புட்டாக கையால் எழுதுவீங்களா? தேவையில்லை. டேட்டா எப்படி இருக்கணும் என்று ஜேசன் ஸ்கீமாவில் எழுதிக் கொடுத்தால் போதும். ஜேசன் ஃபார்ம்ஸ், ரியாக்ட் ஜேசன்ஸ்கீமா ஃபார்ம் போன்ற லைப்ரரிகள் ஃபார்மை உருவாக்கித் தந்துவிடும். சிக்கல் வருவது ஃபீல்டுகளைக் குழுவாகப் பிரிக்கும்போதுதான்.

ஹாஸ்டல் அட்மிஷன் ஃபார்மை எடுத்துக்குவோம். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, வீட்டு முகவரி, லோக்கல் கார்டியன் விவரம். கார்டியனுக்குள்ளும் ஒரு மொபைல் எண், ஒரு முகவரி. இதில் இரண்டு வகைக் குழுக்கள் இருக்கு.

முதல் வகை, டேட்டாவிலேயே உள்ள குழு. கதவு எண், ஊர், பின்கோடு மூன்றும் சேர்ந்தால்தான் முகவரி. பின்கோடு மட்டும் தனியாக நின்றால் யாருடையது என்றே தெரியாது. எனவே முகவரி ஒரு ஆப்ஜெக்ட். அதை ஸ்கீமாவின் டெஃப்ஸ் பகுதியில் ஒருமுறை எழுதி, இரண்டு இடத்திலும் ரெஃப் கொடுத்துப் பயன்படுத்தலாம்.

இரண்டாம் வகை, பார்ப்பதற்கு வசதியாகப் போடும் குழு. பெயர், பிறந்த தேதி, ரத்த வகை மூன்றையும் 'சொந்த விவரம்' என்ற பெட்டிக்குள் வைத்தால் நல்லா இருக்கும். அதுக்காக டேட்டா ஸ்கீமாவில் 'சொந்த விவரம்' என்று ஒரு புது ஆப்ஜெக்ட் உருவாக்காதீங்க. உருவாக்கினால் சர்வருக்குப் போகும் ஜேசனின் வடிவமே மாறிடும். நேற்று வரை பெயரை நேராகப் படித்த கோடு, இனி இன்னொரு படி உள்ளே போய்த் தேடணும். ஏற்கெனவே சேமித்த ரெக்கார்டுகளும் புது ஸ்கீமாவோடு பொருந்தாது. ஒரு பெட்டிக்காக டேட்டாபேஸ் வரை வேலை!

இதுக்குத்தான் யூஐ ஸ்கீமா. ஜேசன் ஃபார்ம்ஸில் 'குரூப்' என்ற லேஅவுட் உண்டு. அதற்குள் இருக்கும் ஒவ்வொரு கன்ட்ரோலும் தன் டேட்டா எங்கே இருக்குன்னு 'ஸ்கோப்' மூலம் சுட்டிக்காட்டும். டேட்டா இருந்த இடத்திலேயே இருக்கும். ரியாக்ட் ஜேசன்ஸ்கீமா ஃபார்மில் யூஐ ஸ்கீமா டேட்டாவின் வடிவத்தையே பின்பற்றுவதால், ஆப்ஜெக்ட் ஃபீல்டு டெம்ப்ளேட்டை நாமே எழுதி அடுக்கிக்கலாம்.

இனி கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள்.

ஒன்று, 'ரெக்கொயர்டு' அந்தந்த ஆப்ஜெக்ட்டுக்கு மட்டும்தான் செல்லும். கார்டியனுக்குள் மொபைல் எண் கட்டாயம் என்று எழுதியிருந்தாலும், மேல்மட்டத்தில் கார்டியனைக் கட்டாயம் ஆக்காவிட்டால், கார்டியனே இல்லாத டேட்டா வேலிடேஷனில் பாஸ் ஆகிடும். ராத்திரி ஒரு மாணவருக்கு உடம்பு முடியாமல் போனால் வார்டன் யாருக்கு ஃபோன் போடுவார்?

இரண்டு, நம்ம ஃபார்மில் பின்கோடு இரண்டு தடவை வருது. கண்ணால் பார்ப்பவருக்குப் பெட்டி தெரியும். ஸ்க்ரீன் ரீடர் மூலம் கேட்பவருக்கு இரண்டுமே வெறும் 'பின்கோடு'தான். எனவே டிவ் போட்டு பார்டர் இழுப்பதோடு நிறுத்தாமல், ஃபீல்டுசெட், லெஜண்ட் டேகுகளைப் பயன்படுத்துங்க. குழுவின் தலைப்பும் அவர் காதில் விழும்.

சந்தேகம் வந்தால் ஒரே கேள்வி: இந்தப் பெட்டியை எடுத்துட்டா டேட்டாவின் அர்த்தம் மாறுமா? மாறும்னா ஆப்ஜெக்ட். மாறாதுன்னா யூஐ ஸ்கீமா. உங்க மினி ப்ராஜெக்ட் ஃபார்மை இன்னைக்கே திறந்து, ஒவ்வொரு பெட்டியிடமும் இதைக் கேட்டுப் பாருங்க.