வேலியோரத்தில் பிறந்த பள்ளி

ஐரோப்பாக் கண்டத்தின் மேற்கெல்லையில், அட்லாண்டிக் பெருங்கடலின் அலைகள் மோதும் பசுந்தீவு அயர்லாந்து ஆகும். அந்நாட்டுச் சிற்றூர்களில் ஆண்மக்களும் பெண்மக்களும் ஒருங்கே அமர்ந்து கற்கும் உயர்நிலைப் பள்ளிகள் பல உள்ளன. அவற்றின் வேர் அரசினர் எழுப்பிய மாளிகையில் இல்லை. வயலோரத்து உயிர்வேலியின் மறைவில் உள்ளது. அவ்வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

அயர்லாந்து மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கச் சமயத்தினர். 1695 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற ஒரு சட்டம், அச்சமயத்தார் பள்ளி நடத்துதலையும், கல்விக்காகப் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்புதலையும் குற்றமெனக் கூறிற்று. மீறிய ஆசிரியருக்குத் தண்டமும் சிறையும் காத்திருந்தன. ஆசிரியருக்கு இடங்கொடுத்த வீட்டாரும் துன்புறுவர். ஆதலின், எவர்க்கும் தீங்கு நேராவண்ணம், ஆசிரியர் வெட்டவெளியில் வேலியோரத்தே அமர்ந்து கற்பிக்கலாயினர். மாணவன் ஒருவன் காவல் நின்று, அயலார் வருதலைக் குறிப்பால் உணர்த்துவான். இவையே ‘வேலிப் பள்ளிகள்’ எனப் பெயர் பெற்றன.

1782 ஆம் ஆண்டில் அத்தடை தளர்ந்தது. பள்ளிகள் குடிசைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் குடிபெயர்ந்தன; பழம்பெயர் மட்டும் நிலைத்தது. சிறுவரோடு சிறுமியரும் அங்கே பயின்றனர். எழுத்தும் எண்ணுமேயன்றி, இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்த ஆசிரியரும் இருந்தனர். ஏழை உழவர் சில காசுகளோ, வெண்ணெயோ, அடுப்பெரிக்கும் உலர்ந்த சதுப்புமண் கட்டிகளோ கொடுத்துத் தம் மக்களைக் கற்பித்தனர்.

1831 ஆம் ஆண்டில் அரசினர் நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளை நிறுவத் தலைப்பட்டனர். எழுத்தறிவு பெருகிற்று. ஆயினும் அப்பள்ளிகளில் ஆங்கிலமே அரசோச்சிற்று. மக்களின் தாய்மொழியாகிய ஐரிஷ் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது. கல்வி வந்த வாயில் வழியே தாய்மொழி வெளியேறிய துயரத்தை என்னென்பது!

நாடு விடுதலை பெற்ற பின்னரும் உயர்நிலைக் கல்வி சிற்றூர் மக்களுக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. அப்பள்ளிகளுள் பல நகரங்களில் இருந்தன, கட்டணமும் பெற்றன. 1930 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தொழிற்கல்விப் பள்ளிகள் இருபாலார்க்கும் இடமளித்தன. ஆயின் பல்கலைக்கழகத்திற்கு வழிவகுக்கும் இறுதித் தேர்வு அங்கே இல்லை. பழைய சட்டம் மாய்ந்தும், கட்டணமும் தொலைவும் புதிய தடைகளாய் நின்றன.

1966 ஆம் ஆண்டில் கூட்ஹில், கராரோ, ஷானன் ஆகிய இடங்களில் இருபாலரும் பயிலும் ஒருங்கிணைந்த பள்ளிகள் திறக்கப்பெற்றன. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் கல்வியமைச்சர் டானா ஓ’மாலி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 17,000 சிறார் தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுதலை எடுத்துக்காட்டி, கட்டணமில்லாக் கல்வித் திட்டத்தை அறிவித்தார். 1967 ஆம் ஆண்டில் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. சிற்றூர்ப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லப் பேருந்துகளும் ஓடத் தொடங்கின. மறு ஆண்டே அமைச்சர் மறைந்தார். அவர் திறந்த வாயில் மூடப்படவில்லை.

மாணவர்களே! முன்னோர் அஞ்சி மறைந்து கற்ற வேலியோரத்தே, அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று கையில் நூலுடன் பேருந்தை எதிர்நோக்கி அஞ்சாது நிற்கின்றனர். கல்வியைத் தடுக்கும் வேலிகள் காலந்தோறும் வடிவம் மாறும். அவற்றைக் கண்டறிந்து அகற்றுவதே நல்லரசின் கடன், கற்றார் கடனும் ஆகும்.